கண் வைக்கிறவள்

மாலையில் பெருக்கி மூலையில் ஒதுக்கிவிட்டுப் போன மரத்தூள், காலையில் மறுபடியும் பட்டறை நடுவில் நின்ற மரச் சுரூபத்தின் காலடிக்கு வந்திருந்தது. வந்ததோடு நிற்காமல், பீடப் பலகையின் மேல் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாக, யாரோ குனிந்து மெல்ல ஊதி ஊதி ஒதுக்கிய மாதிரி படிந்திருந்தது. பெரியவள் விளக்குமாறும் கையுமாக வாசலிலேயே நின்று பார்த்தாள். சன்னல்கள் சாத்தியபடியே இருந்தன. பூனை நடந்த தடம் இல்லை. அறுத்த மரத்தின் வாசனையும் மரப்பசையின் புளித்த வாடையும் எப்போதும் போலப் பட்டறைக்குள் நின்றன. அவற்றுக்கு அடியில் புதிதாக ஒன்று, யாரோ ராத்திரி முழுக்க உள்ளே படுத்துத் தூங்கி இப்போதுதான் எழுந்துபோன அறையில் இருக்குமே, அந்த வெதுவெதுப்பும் இருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இது கொழுந்தன் பெண்டாட்டி, சின்னவள் வேலை. தனக்கு முன்னால் எழுந்து வந்து சுரூபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். பார்க்கட்டுமே. பார்க்கிறவர்கள் எல்லாரும் கண் வைத்துவிட முடியுமா என்ன? அப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூளைக் கூட்டி வாரினாள்.

வெளியில் ஒருத்தியைக் கண் வைக்கிறவள் என்று சொன்னால் அது வசவு. அவள் பார்வை பட்டால் பால் திரிந்துபோகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அவள் எதிரில் நல்ல சேதி பேசாதே என்று அர்த்தம். ஆனால் இந்த வீட்டில் அது பட்டம். மாதா கோவில்களுக்கு மரத்தில் புனிதர்களின் சிலை, அதாவது சுரூபம், செய்து கொடுப்பது குடும்பத் தொழில். மாமனார் மரம் தேர்ந்தெடுப்பார், இளைய மகன் செதுக்குவான், மூத்தவன் சாயம் பூசி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருவான். கண் வைப்பது மட்டும் மூத்த மருமகளான பெரியவளின் வேலை. சுரூபத்தின் முகத்தைக் காதுக்கு முன்னால் மெல்லிய வாளால் அறுத்துத் தனியே எடுத்துவிடுவார்கள். தலைக்குள் குடைந்து பொந்தாக்கி, கண் இருக்கும் இடத்தில் முகத்தில் துளை விட்டு, பின்பக்கமிருந்து கண்ணாடிக் கண்ணை வைத்துத் தேன்மெழுகால் பிடிப்பிக்க வேண்டும். பிறகு முகத்தைத் திரும்ப ஒட்டிவிடலாம். ஒட்டின கோடு முடிக்குள் மறைந்துபோகும், கொஞ்சம் சாந்தும் பழுப்புச் சாயமும் போதும்.

இதில் கஷ்டம் பார்வைதான். சுரூபம் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே ஒரு கட்டையில் ஆணி அடித்து, கருமணியிலிருந்து அந்த ஆணிவரைக்கும் நூல் கட்டிப் பார்ப்பார்கள். நூல் நேராக இருந்தால், முழங்காலிட்டு நிமிர்கிறவன் ‘என்னைத்தான் பார்க்கிறார்’ என்று கரைந்துபோவான். ஒரு மயிரிழை தவறினால் சுரூபம் அவன் தோளுக்கு மேல் பராக்குப் பார்க்கும். பெரியவள் வைத்த கண் ஒன்றுகூடப் பராக்குப் பார்த்ததில்லை. “எங்க பெரியவ கண்ணு வெச்சா அது வெச்ச இடத்துல நிக்கும்” என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில்தான் அவள் இத்தனை வருஷமும் வயிறு நிறைந்து இருந்தாள்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகிச் சின்னவள் வந்தாள். நேற்று வந்தவள். அக்கா அக்கா என்று பின்னாலேயே சுற்றினாள், மெழுகு காய்ச்சிக் கொடுத்தாள், கரண்டி துடைத்தாள். ஒருநாள் பெரியவளுக்குக் காய்ச்சல் என்று, அவசரமாகப் போக வேண்டிய இறக்கை வைத்த ஒரு சின்ன சம்மனசுக்கு, தேவதூதன் சுரூபத்துக்கு, அவளே கண் வைத்துவிட்டாள். அந்தச் சம்மனசைப் பார்த்து மாமனார் ரொம்ப நேரம் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் பெரியவளுக்கு உறைத்தது. தான் வைத்த எதற்கும் அந்த மனிதர் பேச்சற்று நின்றதில்லை.

இப்போது பட்டறை நடுவில் நிற்பது ஆள் உயரத்துக்கு யோவான். இயேசுவின் சீடர், நற்செய்தி எழுதிய யோவான். அவர் பேரிலேயே இருக்கிற ஒரு கோவிலுக்காகச் செய்தது. வேலை நடக்கிறபோதெல்லாம் அந்தக் கோவில் ஃபாதர் வந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டு எது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லுவார். நற்செய்தி எழுதிய நாலு பேருக்கும் அடையாளம் உண்டாம். ஒருவருக்கு மனிதன், ஒருவருக்குச் சிங்கம், ஒருவருக்குக் காளை, யோவானுக்குக் கழுகு. கழுகு மட்டும்தான் சூரியனைக் கண் கூசாமல் பார்க்கும். அது தன் குஞ்சுகளைக் காலில் பற்றிக்கொண்டு மேலே போய்ச் சூரியனுக்கு நேராகப் பிடிக்குமாம். இமைக்காத குஞ்சை வைத்துக்கொள்ளும். இமைத்ததைக் கீழே விட்டுவிடும்.

“பெத்த புள்ளையவா?” என்று சின்னவள் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஃபாதர் சிரித்துவிட்டு, அந்தக் காலத்துக்காரர்கள் அப்படி நம்பினார்கள் அம்மா, என்றார்.

யோவானின் வலது கையில் கிண்ணம், கிண்ணத்திலிருந்து தலைநீட்டும் பாம்பு. அது ஏன் என்றும் சொன்னார். யோவானுக்கு விஷம் கொடுத்தார்கள். அவர் ஜெபித்ததும் விஷம் பாம்பாகி வெளியே போய்விட்டது, மிச்சத்தை அவர் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. தாடி இல்லாத முகம், ஏனென்றால் சீடர்களில் அவர்தான் இளையவர், ஆண்டவருக்கு ரொம்பப் பிரியமானவர். அந்த இளையவருக்குச் சாவே கிடையாது என்று மற்றவர்கள் நடுவில் ஒரு பேச்சு இருந்ததாம். புதைத்த பிறகும் அவர் குழிக்குள் தூங்கத்தான் செய்கிறார், அவர் மூச்சு விட விட மேலே மண் தூசி எழும்பி எழும்பி அடங்குகிறது என்று வெகுகாலம் ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம்.

பெரியவளுக்குப் பிடித்தது வேறொன்று. கடைசியில் ஒருநாள் சீடர்களில் மூத்தவரான பேதுருவிடம், உன் முடிவு இப்படி இப்படி இருக்கும் என்று ஆண்டவர் சொல்லுகிறார். பேதுரு சும்மா கேட்டுக்கொண்டு போகக் கூடாதா? திரும்பி, பின்னால் வருகிற யோவானைக் காட்டி, அப்படியானால் இவனுக்கு என்ன என்று கேட்கிறார். அது உனக்கு எதற்கு, நீ உன் வழியைப் பார் என்று பதில் வருகிறது. ஃபாதர் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். பெரியவள் சிரிக்கவில்லை. நியாயமான கேள்விதானே என்று நினைத்தாள். மூத்தவன் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

முகத்தை அறுத்து எடுத்த அன்று மாமனார் கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

“இந்தத் தடவை சின்னவ வைக்கட்டும்மா.”

பெரியவள் சரி மாமா என்றாள். தட்டில் இருந்த கண்ணாடிக் கண்களைத் துணியால் துடைத்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். அப்புறம்தான் கேட்டாள்.

“அப்ப எனக்கு?”

“நீ கழுகுக்கு வெச்சுடு.”

பறவைக்கு. பீடத்தின் ஓரத்தில் காலடியில் நிற்கிற பறவைக்கு. அவளுக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்கிற எரிச்சல் இல்லை, நிஜமாகவே தொண்டையிலிருந்து தொப்புள் வரைக்கும் காந்தியது. சின்னவள் அருகில் வந்து, அக்கா நீங்க பக்கத்திலேயே இருங்க, எனக்குப் பயமா இருக்கு என்றாள். அவள் நல்லவளாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. கெட்டவளாக இருந்தால் திட்டியாவது தொலைக்கலாம்.

கழுகு நிமிர்ந்து யோவானின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. பெரியவள் அன்று பிற்பகல் தனியாக உட்கார்ந்து மஞ்சள் கண்களை மெழுகில் பதித்தாள். நூலைக் கட்டினாள். கழுகின் கருமணியிலிருந்து நூல் மேலே போகவில்லை. சன்னலோரம் சின்னவள் வழக்கமாக உட்காருகிற முக்காலிக்குப் போயிற்று. முக்காலிக்கு மேலே, அவள் உட்கார்ந்தால் முகம் வருகிற உயரத்தில், சன்னல் கட்டையில் பெரியவள் ஒரு ஆணி அடித்திருந்தாள். நூல் தொய்வில்லாமல் நின்றது. தவறுதலாக நடந்தது என்று அவள் பின்னால் ஒருபோதும் தனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. வேண்டுமென்றேதான் வைத்தாள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. மயிரிழை விலகல். அவளுக்குத் தெரியும், அது போதும். மனசு ஆறியது. நூலை அறுத்தாள், ஆணியைப் பிடுங்கினாள், கையைக் கழுவிக்கொண்டு சமைக்கப் போனாள்.

மறுநாள் காலையில்தான் பீடத்தின் மேல் அந்த வளையங்கள்.

அன்றைக்கே சின்னவள் முக்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். தூசி விழுந்திருக்கும் என்று கொழுந்தன் துணி முனையைச் சுருட்டி எடுத்துப் பார்த்தான், ஒன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு கண்ணும் சிவந்து நீர் கொட்டியது. கண்ணு கூசுது அக்கா, என்றாள். வெளிச்சத்தில் முகத்தை நீட்டவே முடியவில்லை. இமை படபடவென்று அடித்துக்கொண்டது, நிறுத்தவே முடியவில்லை. யோவானுக்கு என்று எடுத்து வைத்த பழுப்புக் கண்களைத் தட்டோடு ஓரமாக நகர்த்தி வைத்தார்கள்.

பெரியவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஒளிக்க அவள் இரண்டு பங்கு வேலை செய்தாள். சின்னவளின் அறைச் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினாள், கண்ணுக்கு மருந்து சொட்டினாள், ஈரத்துணி நனைத்துப் போட்டாள். வைத்தியர் வந்து விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று போய்விட்டார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று மாமனார் முணுமுணுத்தார். யாரையும் நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னார். பெரியவள் கையில் இருந்த கிண்ணம் தட்டில் மோதிச் சத்தம் போட்டது.

“சின்னவளக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கம்மா” என்றும் சொன்னார். “யோவானுக்கு இனிமே நீயே வெச்சுடு. வேற யாரு இருக்கா.”

வேற யாரு இருக்கா. அந்த வார்த்தையை அவள் ரொம்ப நேரம் மென்றாள். கேட்டது கிடைத்துவிட்டது, கிடைத்த விதம்தான் இனிக்கவில்லை. ஆள் இல்லாததால் கிடைத்த இடம். ஆள் எழுந்து வந்துவிட்டால் போய்விடும் இடம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் அவள் அதைப் பார்த்தாள். பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. ஓட்டின் மேல் மழை ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. கிண்ணத்துப் பாம்பின் கண்ணுக்கு இரண்டு புள்ளி வைக்கக் கறுப்புச் சாயம் குழைத்துக்கொண்டு பீடத்தருகே மண்டியிட்டிருந்தாள். முகம் இல்லாத சுரூபம் அவள் தலைக்கு மேல் நின்றது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் குடைந்த பொந்து இருட்டாக இருந்தது. பக்கத்தில், யோவானின் பாதத்துக்கு அருகில், பலகையில் கிடந்த மரத்தூள் எழும்பியது. கொஞ்சம்தான். சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய ஏடு போல எழும்பி, நின்று, அடங்கியது. மறுபடி எழும்பியது. அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். எழும்பியது. அடங்கியது. தூங்குகிறவர்களின் நெஞ்சு ஏறி இறங்குகிற அதே நிதானம்.

யாரிடம் சொல்லுவது? சொன்னால், பெரியவளுக்கும் கண்ணில் ஏதோ என்பார்கள். கண் சரியில்லாதவள் கையில் யோவானைக் கொடுப்பார்களா? வேறு பட்டறையிலிருந்து யாரையாவது கூட்டிவருவார்கள். அதனால் சொல்லவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வரும்போது, கழுகைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. அதன் பார்வை சன்னலோரத்து முக்காலியில் இல்லை. அங்கே ஆளும் இல்லையே. அது பட்டறைச் சுவரைப் பார்த்தது. பழுப்படைந்த வெறும் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள், கறுப்புத் துணி கட்டிய அறையில் சின்னவளின் கட்டில் இருந்தது.

மெழுகு இளகியிருக்கும், கண் தானாக நகர்ந்திருக்கும். அப்படி நகர்வதுண்டு. அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். கரண்டியைச் சூடுகாட்டி உள்ளே விட்டால் மெழுகு மறுபடி இளகும், கண்ணை மேலே திருப்பி யோவானின் முகத்துக்கு நேராக வைத்துவிடலாம், சின்ன வேலை. திருப்பினால் சின்னவள் எழுந்துவிடுவாள். இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதனாலேயே கரண்டியை எடுக்கவில்லை. யோவானுக்கு வைத்து முடித்துவிட்டு, முகத்தை ஒட்டிவிட்டு, அப்புறம் திருப்பலாம். முதலில் என் வேலை முடியட்டும். அப்புறம் அவள் நன்றாக இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

சுரூபம் போக வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமனாரும் அவள் புருஷனும் காலையிலேயே பூசைக்குப் போனார்கள், திரும்பும்போது ஃபாதரையும் தூக்குகிற ஆட்களையும் கூட்டிவருவதாகப் பேச்சு. கொழுந்தன் சுரூபம் நிற்கப்போகிற மேடையைச் சரிசெய்ய முன்கூட்டியே கோவிலுக்குப் போய்விட்டான். வீட்டில் சின்னவள் இருட்டறையில் படுத்திருந்தாள். பட்டறையில் பெரியவள் மட்டும். மழை விட்டு வெயில் வந்திருந்தது. வெளிச்சம் சன்னல் வழியாகக் கட்டம் கட்டமாகத் தரையில் விழுந்தது. அதில் தூசி மிதந்தது.

முகத்தை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டாள். அறுத்தெடுத்த முகம் கனமே இல்லை. பின்பக்கம் உளி போன தடங்கள். பழுப்புக் கண்ணை எடுத்தாள், பதித்தாள், மெழுகு ஊற்றினாள், மற்றதையும் பதித்தாள். திருப்பிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. நன்றாக மட்டும்தான் இருந்தது. சின்னவளின் அந்தச் சம்மனசை மாமனார் பார்த்த மாதிரி இதைப் பார்க்க மாட்டார். நல்லா இருக்கும்மா என்பார். சாப்பாட்டைச் சொல்கிற மாதிரி சொல்லுவார்.

அவளுக்கு அழுகை வந்தது. என்ன இருக்கிறது அவள் கண்ணில், என் கண்ணில் இல்லாதது? அதைக் கொடேன். ஒரு தடவை, இந்த ஒன்றுக்கு மட்டும், அவளுக்கு இருப்பதை எனக்குக் கொடேன். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

கால்களுக்கு அருகில் தூள் எழும்பியது.

அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். விளிம்பில் பசை தடவினாள். சுரூபத்தின் திறந்த தலைக்கு எதிரில் முகத்தைப் பிடித்தபோது, பொந்துக்குள்ளிருந்து அவள் கையில் மூச்சு பட்டது. வெதுவெதுப்பான மூச்சு. மர வாசனை இல்லை. கண்ணுக்குச் சொட்டுகிற மருந்தின் வாசனை.

கையை எடுத்திருக்கலாம். ஆனால் பசை காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்தால் முகம் சரியாக உட்காராது. இத்தனை வருஷப் பழக்கம் கையை முன்னால் தள்ளியது. முகம் பொருந்தியது. ஒரு சின்னச் சத்தம், ஈரமான உதடு மூடுகிற மாதிரி. கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். குனிந்து பார்த்தாள். தூள் எழும்பவில்லை.

நின்றுவிட்டது.

கழுகைப் பார்த்தாள். அது சுவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, முறைப்படி, யோவானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அக்கா.”

வீட்டுக்குள்ளிருந்து குரல். பிறகு காலடி. சுவரைத் தடவுகிற சத்தம் இல்லை. தடுமாற்றம் இல்லை. இரண்டு மூன்று வாரமாக இந்த நடையை யாரும் கேட்கவில்லை. கதவு திறந்தது. சின்னவள் துணியை அவிழ்த்துவிட்டு வந்திருந்தாள். நேராக வெயில் விழுகிற இடத்துக்கு வந்து நின்றாள். சன்னலுக்கு முகத்தைக் காட்டினாள். சிரித்தாள்.

“இப்ப கூசவே இல்லக்கா.”

வெயில் அந்தக் கண்களில் நேராக அடித்தது. பழுப்புக் கண்கள். சின்னவளுக்குக் கறுப்புக் கண். பிறந்ததிலிருந்து கறுப்பு. கருமணி சுருங்கவில்லை. இமை அடிக்கவில்லை. ஒரு ஈ பறந்து வந்தது. கன்னத்தில் உட்கார்ந்தது. மேலே நடந்தது. இமையோரம் நின்றது. கண்ணின் மேல் ஏறியது. வெள்ளையில் நடந்து பழுப்புக்குப் போயிற்று. கால்களைத் தேய்த்துக்கொண்டது.

சின்னவள் சிரித்தபடியே இருந்தாள்.

பின்னால் சொட்டு விழுந்தது. பலகையின் மேல். ஒரு சொட்டு. இன்னொன்று.

பெரியவள் திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள்.

யோவானின் முகத்தில் கறுப்புக் கண்கள். ஓரம் சிவந்தவை. ஈரம். அசைந்தன. சன்னலைப் பார்த்துவிட்டு விலக முயன்றன, இடமும் வலமுமாக ஓடின, எங்கே போனாலும் வெளிச்சம். இமை மரம். கொழுந்தன் செதுக்கிய இமை. இறங்காது. கண்கள் ஓடி ஓடி, கடைசியில் அவளைக் கண்டுபிடித்தன. நின்றன. அவளை அடையாளம் தெரிந்துகொண்டன.

கயிற்றை அறுக்கலாம். பசை இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை. உளியை விளிம்பில் விட்டு ஒரு தட்டுத் தட்டினால் முகம் கையோடு வந்துவிடும். உடையலாம், சாயம் பெயரலாம், சுரூபம் பாழாகலாம். ஆனால் வந்துவிடும். உளி அங்கேயே இருந்தது. அவள் உளியை எடுத்தாள்.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

மாமனார்தான் முதலில் வந்தார். சின்னவள் எழுந்து நிற்பதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சுரூபத்தைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். பின்னால் வந்த அவள் புருஷன் நின்றான். தூக்க வந்த ஆட்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள். பட்டறையில் ஒருவரும் பேசவில்லை, ரொம்ப நேரம் பேசவில்லை. மாமனாரின் கன்னத்தில் நீர் வழிந்தது.

“அழற மாதிரியே இருக்கே” என்று ஃபாதர் தழுதழுத்தார். “வார்னிஷா இது? யாரும்மா வெச்சது?”

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவள் முந்திக்கொண்டாள்.

“நான்தான் ஃபாதர்.”

குரல் கேட்ட பக்கம் யோவானின் கண்கள் திரும்பின. அவள் ஒருத்திதான் பார்த்தாள். உளியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கயிற்றை அவிழ்த்து, சாந்தைக் குழைத்து விளிம்பில் தடவினாள். கோட்டை முடிக்குள் மறைத்தாள். பழுப்புச் சாயம் தொட்டு வைத்தாள். வேலை சுத்தமாக இருந்தது.

வண்டியில் வைக்கோல் பரப்பிச் சுரூபத்தை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். உச்சி வெயில். தெருவில் ஆள் கூடிவிட்டது, யோவானின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் தோள் மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். வழியெல்லாம் தூசி படுமே, முகத்தை மூடிக்கொண்டு போகலாம் என்று புருஷன் ஒரு தடித்த கறுப்புத் துணியை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் வண்டியில் ஏறித் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கீழே கண்கள் சூரியனுக்கு நேராகத் திறந்து கிடந்தன, துடித்தன, நீர் இரண்டு பக்கமும் வழிந்து மரக் காதுகளுக்குள் தேங்கியது. அவை துணியைப் பார்த்தன. துணியை மட்டும் பார்த்தன.

“அய்யோ, மூடாதீங்கம்மா, கொஞ்சம் பாத்துக்கறோம்” என்று கூட்டத்தில் ஒரு பொம்பளை கேட்டாள். “நீங்க வெச்சதா?”

வாசற்படியில் சின்னவள் அண்ணாந்து அதே சூரியனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“ஆமா, நான் வெச்சதுதான். நல்லாப் பாருங்க” என்றாள் பெரியவள். துணியை நாலாக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி மெதுவாக நகர்ந்தது.